தோன்றா எழுவாய்

“மனிதன் உண்ணத் தொடங்கிய நாள் முதலே உண்ட கலங்களைக் கழுவி வைத்து வந்துள்ளான்” என்று மாணவன் ஒருவன் கட்டுரையில் எழுதிவிட்டால், நாம் சிவப்பு மையைத் தொடமாட்டோம். ஒற்றுப்பிழை இல்லை, ஒருமை பன்மை மயக்கம் இல்லை, எழுவாயும் பயனிலையும் இயைந்தே நிற்கின்றன. ஆயினும் அந்த வாக்கியத்தில் இலக்கண நூல்கள் குறிப்பிடாத பெரும்பிழை ஒன்று உண்டு. உண்டவன் ஒருவன்; கழுவியவள் மற்றொருத்தி. இரண்டு வினைகளுக்கும் ஒரே எழுவாயைச் சூட்டிவிட்டதால், இரண்டாம் வினையைச் செய்தவள் வாக்கியத்திலிருந்தே மறைந்து போனாள்.

எழுவாய் வெளிப்பட நில்லாமல் வினைமுற்றின் வழியே உணரப்படுவதைத் தோன்றா எழுவாய் என்று நாம் வகுப்பறையில் கற்பிக்கின்றோம். நம் இல்லங்களில் நாள்தோறும் மூன்று வேளை நிகழும் பாத்திரம் கழுவும் வினைக்கு எழுவாய் பெரும்பாலும் தோன்றா எழுவாயாகவே இருந்து வருகின்றது. இன்று அவ்வினையைச் செய்ய இயந்திரம் ஒன்று நம் நாட்டுக் கடைகளிலும் விற்பனைக்கு வந்து, வசதி படைத்த சில தமிழ்க் குடும்பங்களின் சமையலறைகளிலும் இடம்பிடித்துவிட்டது. அதனைக் குறித்து நம்மவர் கூறும் கருத்துகள் பலவாக உள்ளன. அக்கருத்துகளை எடைபோட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பள்ளியில் ஒரு சொற்போர்

சில ஆண்டுகளுக்கு முன்பு எம் பள்ளியில் ஐந்தாம் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குச் சொற்போர் ஒன்று நடந்தது. “பாத்திரம் கழுவ ஏற்றது கையா, இயந்திரமா?” என்பது தலைப்பு. அரசியலோ சமயமோ கலவாத எளிய தலைப்பு என்று கருதியே ஆசிரியர்கள் அதனைத் தேர்ந்தெடுத்திருந்தனர். நடுவராக நான் அமர்ந்தேன்.

கையின் பக்கம் நின்ற நால்வரும் ஆற்றொழுக்காகப் பேசினர். கையால் கழுவினால் மின்சாரம் மிச்சம், நீர் மிச்சம், பணம் மிச்சம் என்றனர். கைக்கு உடற்பயிற்சி என்றான் ஒருவன். “தாயின் கைபட்ட தட்டிலே தாயின் அன்பும் ஒட்டியிருக்கிறது” என்று மற்றொருவன் முழங்கியபோது அவை கைதட்டி ஆர்ப்பரித்தது. இயந்திரத்தின் பக்கம் பேசியவர்கள் நேரத்தையும் தூய்மையையும் எடுத்துக் கூறினர். ஆயினும் அவர்கள் குரல் சற்றுத் தாழ்ந்தே ஒலித்தது.

தீர்ப்புச் சொல்ல எழுந்த நான், முன்கூட்டி எண்ணிப் பாராமலே ஒரு வினாவைத் தொடுத்தேன். “நேற்றிரவு தாம் உண்ட தட்டைத் தாமே கழுவியவர் கை தூக்குங்கள்” என்றேன். எட்டுப் பேரில் இருவர் கை தூக்கினர். இருவரும் மாணவியர், இருவருமே இயந்திரத்தின் பக்கம் பேசியவர்கள். அவை அமைதியானது. சிறுவர்களைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் பேசிய சொற்கள் அவர்களுடையன அல்ல. வீட்டிலும் மேடையிலும் ஏட்டிலும் நாம் பேசிய சொற்களையே அவர்கள் நமக்குத் திருப்பி அளித்தனர்.

எழுத்தில் கண்ட இரு முகங்கள்

நம் கதைகளையும் திரைப்படங்களையும் நினைந்து பார்க்கும்போது ஒரு முரண்பாடு புலப்படும். தன் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் பெண் குடும்ப விளக்கு எனப் போற்றப்படுகின்றாள். அவளே கணவனை இழந்து, பிள்ளையைப் படிக்க வைப்பதற்காக அடுத்த வீட்டிற்குச் சென்று அதே வேலையைச் செய்தால், “பத்துப் பாத்திரம் தேய்த்துப் பிழைக்கிறாள்” என்ற இரக்கத்திற்கும் இளக்காரத்திற்கும் ஆளாகின்றாள். கதையின் முடிவில் மகன் பட்டம் பெற்று வந்து, “இனி நீ பாத்திரம் தேய்க்க வேண்டாம் அம்மா” என்று கூறும்போது நாமும் கண்ணீர் வடிக்கின்றோம். அவன் குறிப்பிடுவது அடுத்த வீட்டுப் பாத்திரத்தையே. தன் வீட்டுப் பாத்திரத்தை அன்றிரவு யார் தேய்த்தார் என்பதைக் கதாசிரியர் நமக்குச் சொல்வதில்லை.

ஒரே நீர், ஒரே சாம்பல், ஒரே விரல்கள். ஒரு வீட்டில் அறம், மறு வீட்டில் இழிவு. வேலையின் தன்மை மாறவில்லை என்னும்போது, அறம் என்று நாம் புகழ்ந்ததும் இழிவு என்று நாம் இரங்கியதும் வேலையைக் கண்டு சொன்னவை ஆகா. கூலி பெறாமல் செய்தால் பெருமை, கூலி பெற்றுச் செய்தால் சிறுமை என்னும் விந்தையான கணக்கு இதனுள் ஒளிந்திருக்கிறது.

பழங்கதைகளிலும் இதன் வேரைக் காணலாம். பாரதக் கதையில் சூரியன் அளித்த அட்சய பாத்திரம், திரௌபதி உண்டு முடிக்கும்வரை உணவு சுரந்துகொண்டே இருக்குமாம். துருவாச முனிவர் சீடர் கூட்டத்தோடு வந்தபொழுது அவள் உண்டு முடித்துப் பாத்திரத்தைக் கழுவியும் கவிழ்த்துவிட்டாள். கண்ணன் வந்து, பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டியிருந்த ஒரு பருக்கையையும் கீரைத் துணுக்கையும் எடுத்து உண்ண, முனிவர் கூட்டத்தின் பசி தீர்ந்தது என்பர். இறைவனின் அருளை உணர்த்தவே இக்கதை கூறப்படுகின்றது. அதனை நான் மறுக்கவில்லை. ஆயினும் அரச வாழ்வை இழந்து காட்டில் வாழ்ந்த குடும்பத்திலும், ஐவர் உண்ட பின் பாத்திரத்தைக் கழுவி வைத்தவள் ஒருத்தியே என்பது என் போன்றோர் கண்ணில் பல்லாண்டுகள் படவே இல்லை. சரியாகக் கழுவவில்லை என்ற குறைகூட அவள் பெயரில்தான் கதையில் நிற்கின்றது.

இயந்திரம் பிறந்த கதை

இயந்திரத்தைப் போற்றுவோர், அது பெண்ணின் கைக்கு இரங்கிப் பிறந்த கருவி என்று கூறுவதுண்டு. வரலாறு அவ்வாறு கூறவில்லை. பாத்திரம் கழுவும் இயந்திரங்களுள் முதன்முதலில் வணிக வெற்றி கண்டது, அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஷெல்பிவில் என்னும் ஊரில் வாழ்ந்த ஜோசபின் காக்ரன் அம்மையார் அமைத்த இயந்திரமே. 1886ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. அவர் வசதியான குடும்பத்துப் பெண்மணி. விருந்துகளுக்குப் பின் பணியாளர்கள் கழுவும்போது அவருடைய விலையுயர்ந்த பீங்கான் தட்டுகளின் ஓரம் உடைந்து போயிற்று என்பதே அவரை இம்முயற்சியில் இறக்கியதாகக் கூறுவர். ஆக, இயந்திரம் முதலில் இரங்கியது பீங்கானுக்கே.

1883இல் கணவர் கடனை வைத்துவிட்டு மறைந்த பிறகு, அதுவரை எண்ணமாக இருந்தது பிழைப்புக்கான முயற்சியாயிற்று. தட்டுகளின் அளவிற்கேற்பக் கம்பிகளை வளைத்து அறைகளாக்கி, அவற்றைச் செப்புக் கொப்பரைக்குள் வைத்து, சவர்க்கார வெந்நீரைப் பீய்ச்சியடிக்கும்படி அவர் அமைத்தார். 1893இல் சிக்காகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் அது பலரையும் கவர்ந்தது. ஆனால் வாங்கியவர்கள் விடுதிக்காரர்களும் உணவகத்தாருமே. வீடுகளில் அவ்வளவு வெந்நீருக்கு வழியில்லை, விலையும் எட்டாதிருந்தது. அமெரிக்க இல்லங்களில் அது பரவலாக இடம்பெற 1950களையும் தாண்டிக் காத்திருக்க வேண்டியதாயிற்று.

1959ஆம் ஆண்டு ஜூலை மாதம் மாஸ்கோவில் நடந்த அமெரிக்கக் கண்காட்சியில், மாதிரிச் சமையலறை ஒன்றின் முன் நின்று அமெரிக்கத் துணை அதிபர் நிக்சனும் சோவியத் தலைவர் குருசேவும் வாதிட்டனர். வீட்டுப் பெண்களின் உழைப்பைக் குறைக்கும் கருவிகள் எங்களிடம் உள்ளன என்பது ஒருவர் பெருமை. பெண்களைப் பற்றிய அத்தகைய முதலாளித்துவ மனப்பான்மை எங்களிடம் இல்லை என்பது மற்றவர் மறுமொழி. உலகமே உற்றுக் கேட்ட வாதம் அது. இருவர் வீட்டிலும் அன்று காலைக் கோப்பையைக் கழுவியவர் யார் என்பது மட்டும் அவ்வாதத்தில் தோன்றா எழுவாயாகவே நின்றுவிட்டது.

வாதங்களின் எடை

இனி, சொற்போரில் மாணவர்கள் கூறிய வாதங்களை ஒவ்வொன்றாக ஆராய்வோம். முதலாவது நீர். கையால் கழுவினால் நீர் மிச்சம் என்பது நம்மிடையே ஐயத்திற்கு இடமற்ற உண்மை போல வழங்கி வருகின்றது. செருமனியின் போன் பல்கலைக்கழகத்தார் ஐரோப்பிய நாடுகள் சிலவற்றைச் சேர்ந்த 113 பேரை அழைத்து, பன்னிருவர் உண்ட அளவு பாத்திரங்களைக் கையால் கழுவச் செய்து அளந்தனர். சராசரியாக ஒருவர் 103 லிட்டர் நீரையும் 79 நிமிடங்களையும் செலவிட்டார். அதே அளவு பாத்திரங்களுக்கு இயந்திரம் ஏறத்தாழ 15 முதல் 22 லிட்டர் வரையே எடுத்துக்கொண்டது. இயந்திரத்தினுள் ஒருமுறை நிரம்பிய நீர் சூடேற்றப்பட்டு, சுழலும் குழாய்களின் துளைகள் வழியே பீய்ச்சப்பட்டு, கீழே வழிந்ததும் வடிகட்டப்பட்டு மீண்டும் மேலேறுகின்றது. குழாயைத் திறந்துவிட்டுக் கழுவுபவரிடமோ ஒவ்வொரு துளியும் ஒரே தடவை பயன்பட்டுச் சாக்கடையை அடைகின்றது. காரணம் இதுவே.

இதனைக் கண்டு இயந்திரத்தின் பக்கத்தார் வெற்றி முழக்கம் செய்ய வேண்டியதில்லை. 2020இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வொன்று உண்டு. குழாயை ஓடவிட்டுக் கழுவுவதை விட இயந்திரம் சூழலுக்கு ஏற்றது என்று அது கூறியது. ஆனால் எல்லாவற்றினும் குறைந்த தீங்கு விளைவிப்பது, இரண்டு தொட்டிகளில் நீர் நிரப்பி ஒன்றில் ஊறவைத்துத் தேய்த்து மற்றொன்றில் அலசும் முறையே என்றும் அது கண்டது. அவ்வாய்விற்கு இத்தகைய இயந்திரங்களைச் செய்யும் நிறுவனம் ஒன்றே துணை நின்றது என்பதையும் சேர்த்துக் கருதினால், கைக்குச் சாதகமான இம்முடிவின் மதிப்பு இன்னும் உயர்கின்றது.

இரண்டு தொட்டி முறையை நமக்குப் பல்கலைக்கழகம் கற்பிக்க வேண்டியதில்லை. தோட்டத்து லயங்களில் பொதுக் குழாயில் குறித்த நேரத்திற்கு மட்டுமே நீர் வந்த காலத்தில், நம் அன்னையர் ஒரு வாளியில் தேய்த்து மறு வாளியில் அலசி, அலசிய நீரை வாசலில் நின்ற கீரைப் பாத்திக்கு ஊற்றினர். 2014இல் சிலாங்கூரில் நீர்ப் பங்கீடு நடந்த வாரங்களில், நகரத்துக் குடும்பங்களும் மறந்து போன அம்முறைக்கு மீண்டன. பங்கீடு முடிந்ததும் குழாய் மீண்டும் திறந்தே கிடந்தது. எனவே, “கையால் கழுவினால் நீர் மிச்சம்” என்னும் வாக்கியம் நம் பாட்டிமார் வாயில் உண்மையாக இருந்தது. குழாயை ஓடவிட்டுக் கழுவும் நம் வாயில் அது பொய்யாகிவிட்டது.

இரண்டாவது தூய்மை. இயந்திரத்தினுள் நீரின் சூடு 50 முதல் 70 பாகை செல்சியஸ் வரை ஏறுகின்றது. கை அதனைத் தாங்காது. எண்ணெய்ப் பிசுக்கும் கிருமியும் அச்சூட்டிலும் காரத்திலும் நீங்குவது இயல்பே. ஆயினும் 2015இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள், ஏழெட்டு வயதுடைய 1,029 குழந்தைகளின் குடும்பங்களை வினவியபோது, கையால் பாத்திரம் கழுவும் வீடுகளில் வளர்ந்த குழந்தைகளிடம் ஒவ்வாமை நோய்கள் குறைவாக இருக்கக் கண்டனர். சிற்றளவில் கிருமிகளோடு பழகுவது குழந்தையின் உடலுக்கு நன்மை தரலாம் என்பது அவர்கள் ஊகம். அதுவே காரணம் என்று அவர்கள் அறுதியிட்டுக் கூறவில்லை. ஆகவே தூய்மை பற்றிய வாதத்தில் இரு தரப்பினரும் குரலைச் சற்றுத் தாழ்த்திப் பேசுவது நலம்.

மூன்றாவது நம் பாத்திரங்கள். இயந்திரத்தில் இட்ட அலுமினியக் குண்டான் கறுத்துப் போகும். இரும்புத் தோசைக்கல் தன் பதத்தை இழந்து துருவேறும். மர அகப்பை வெடிக்கும். பொங்கலுக்கும் திருமணத்திற்கும் வெளிவரும் பெரிய அண்டாக்கள் அதன் வாயிலுக்குள்ளேயே நுழையா. தட்டு, கோப்பை, கரண்டி, எவர்சில்வர் கிண்ணம் ஆகியவற்றை அது செவ்வனே கழுவும். ஆகவே இயந்திரம் வாங்கிய தமிழ் வீட்டிலும் தேய்க்கும் வேலை முற்றாக ஒழிவதில்லை.

நான்காவதாக மூத்தோர் சிலர் கூறும் எச்சில் பற்றிய தடை ஒன்றுண்டு. புலால் உண்ட தட்டும் விரதச் சமையல் பாத்திரமும் ஒரே பெட்டிக்குள் ஒரே நீரில் புரளலாமா என்பது அவர்கள் கவலை. நம்பிக்கையுடையோர் வெள்ளிக்கிழமைப் பாத்திரங்களைத் தனியே கழுவிக்கொள்ளட்டும்; அதில் எவருக்கும் இழப்பில்லை. ஆனால் ஒன்றை மட்டும் அவர்கள் முன் வைக்க விரும்புகின்றேன். தட்டுக்குத் தீட்டு வந்துவிடுமோ என்று அஞ்சும் நாம், வீட்டார் அனைவரின் எச்சிலையும் நாள்தோறும் தன் விரல்களால் வழித்தெடுக்கும் பெண்ணைப் பற்றி என்றேனும் அஞ்சியதுண்டா?

என் தாயாரின் வினா

பிறரைக் குறை கூறுவதற்கு முன் என் கணக்கையும் விரித்துக் காட்டுவதே முறை. பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் 1970களில் வளர்ந்தவன் நான். என் தாயார் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் எழுந்து சமைத்து, பெரட்டுக்கு ஓடி, நண்பகலுக்குப் பின் பால் பிசின் காய்ந்த விரல்களோடு வீடு திரும்புவார். பிறகு அடுப்புச் சாம்பலையும் தேங்காய் நாரையும் எடுத்துக்கொண்டு குழாயடியில் அமர்வார். கரிபிடித்த சட்டிகள் கண்ணாடி போலாகும். அவருடைய விரல் நுனிகளோ வெடித்துப் பிளந்து கிடக்கும். இரவில் அவ்வெடிப்புகளில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வார். நாங்கள் நான்கு ஆண் பிள்ளைகள். எங்களில் ஒருவனும் அக்குழாயடியில் அமர்ந்ததில்லை. அமர வேண்டும் என்ற எண்ணமே எங்களுக்குத் தோன்றியதில்லை.

1990களின் தொடக்கத்தில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்றபோது, கட்டுரைப் போட்டி ஒன்றில் “என் தாயின் கைகள்” என்று எழுதிப் பரிசு பெற்றேன். சாம்பல் படிந்த அவ்விரல்களைத் தெய்வத்தின் விரல்கள் என்று வருணித்திருந்தேன். விடுமுறைக்கு வீடு சென்று, எழுத்தறியாத என் தாயாருக்கு அக்கட்டுரையை உரக்கப் படித்துக் காட்டினேன். அவர் முழுவதும் கேட்டார், மகிழ்ந்தார், என் தலையைத் தடவினார். பிறகு, “ரொம்ப நல்லா எழுதியிருக்க தம்பி. கை வலிச்சிருக்கும்னு ஒரு வரி எழுதலையா?” என்று கேட்டார். அக்குரலில் சினமில்லை, குற்றச்சாட்டும் இல்லை. உண்மையிலேயே அறிந்துகொள்ள விரும்பிக் கேட்டார்.

அவ்வினாவிற்கு நான் விடை கூறவில்லை. உண்ட பின் தட்டை அங்கேயே வைத்துவிட்டு எழுந்து சென்றேன் என்பதும் எனக்கு இன்று நினைவிருக்கிறது. பரிசு பெற்ற அக்கட்டுரையில் ஒற்றுப்பிழை ஒன்றுகூட இல்லை.

மூன்று மாதப் பாடம்

பாடம் அதோடு முடிந்திருந்தால் நான் நல்ல மாணவனாகியிருப்பேன். என் மனைவியாரின் உள்ளங்கைகள் சவர்க்காரம் பட்டுப்பட்டுத் தோலுரிந்து, நீரில் நனையாமல் பார்த்துக்கொள்ளும்படி மருத்துவர் எச்சரித்தபோது, வேலைக்குச் சென்றுவிட்ட எங்கள் மகள் இயந்திரம் ஒன்று வாங்கித் தருவதாகக் கூறினாள். நான் உடனே மறுத்தேன். “நம் வீட்டில் எத்தனை பேர்? இத்தனை காலம் கையால்தானே கழுவினோம்?” என்றேன். “கழுவினோம் இல்லை அப்பா, அம்மா கழுவினாங்க” என்றாள் அவள். முப்பதாண்டுகளுக்கு மேலாக இலக்கணம் கற்பித்த எனக்கு, தன்மைப் பன்மையைத் தவறாகப் பயன்படுத்தியதை என் மகள் திருத்தினாள்.

நாணம் மேலிட, இயந்திரம் வேண்டுமா வேண்டாமா என்பதை நானே மூன்று மாதம் கழுவிப் பார்த்து முடிவு செய்வதாகக் கூறினேன். முதல் வாரம் பெருமிதத்தில் கழிந்தது. இரண்டாம் வாரம் மீன் குழம்புச் சட்டியின் வாடை கையை விட்டுப் போகவில்லை. சோறு ஒட்டிக் காய்ந்த பானையை உடனே ஊறவைக்க வேண்டும் என்பதை மூன்றாம் வாரம் கற்றேன். பள்ளி ஆண்டுக்கூட்டம் முடிந்து இரவு பதினொரு மணிக்குத் திரும்பிய ஒரு நாள், தொட்டி நிறையக் கிடந்த பாத்திரங்களைக் கண்டு எனக்கு அழுகை வரும்போல் இருந்தது. கையால் கழுவுவதில் ஓர் அமைதி உண்டு என்று சிலர் கூறுவது பொய்யன்று. அவ்வமைதியை நானும் சில மாலைகளில் உணர்ந்தேன். விருப்பம் இருக்கும் நாளில் கழுவுபவனுக்கு அது கிட்டும். விருப்பம் இல்லாத நாளிலும் கழுவியே ஆகவேண்டியவளுக்கு அது எவ்வாறு கிட்டும்?

மூன்று மாதத்தின் முடிவில் இயந்திரம் வந்தது. வந்த பின் இன்னொன்றையும் கண்டேன். தட்டுகளின் மிச்சத்தை வழித்து, அறைகளில் அடுக்கி, கழுவி முடிந்ததும் எடுத்துத் துடைத்து வைக்கும் வேலை எஞ்சி நின்றது. “இயந்திரந்தான் இருக்கிறதே” என்று நான் மெல்ல விலகிக்கொள்ள, அவ்வேலை என் மனைவியாரிடமே சென்று சேர்ந்தது. ரூத் சுவார்ட்ஸ் கோவன் என்னும் அமெரிக்க வரலாற்றறிஞர் 1983இல் வெளியிட்ட நூலொன்றில், வீட்டு இயந்திரங்கள் பெருகியும் தாய்மாரின் உழைப்பு நேரம் குறையாததற்குக் காரணம் கூறுகின்றார். ஆடவரும் பிள்ளைகளும் செய்துவந்த வேலைகளையே இயந்திரங்கள் முதலில் ஏற்றுக்கொண்டன. தாயின் பங்கு அவளிடமே எஞ்சியது என்பது அவருடைய கருத்து. அந்நூலின் கருத்திற்கு என் வீடே சான்றாகிவிடக் கண்டு, அடுக்கும் பொறுப்பையும் தோசைக்கல் தேய்க்கும் பொறுப்பையும் நானும் என் மகனும் நாள் வகுத்து ஏற்றுக்கொண்டோம். இன்றும் சில நாள்களில் தவறுகின்றோம்.

“எங்களுக்கு இயந்திரம் எதற்கு? பணிப்பெண் இருக்கிறாளே” என்று கூறும் குடும்பங்களையும் நான் அறிவேன். தோட்டத்தில் துரைமார் பங்களாவில் பாத்திரம் தேய்த்த நம் பாட்டிமாரின் பேரப்பிள்ளைகள், அயல்நாட்டிலிருந்து பிழைக்க வந்த ஏழைப் பெண்ணை நோக்கி இதனைக் கூறும்போது வரலாறு தலைகவிழ்ந்து நிற்கின்றது. சிங்கப்பூரில் 2013ஆம் ஆண்டு ஜனவரி முதல் செய்துகொள்ளும் ஒப்பந்தங்களில் வீட்டுப் பணிப்பெண்களுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு உண்டு என்று விதி வகுத்தனர். அங்கேயே 2021 செப்டம்பர் முதல், அங்காடி உணவு நிலையங்களில் உண்டவர் தம் தட்டைத் தாமே எடுத்துச் சென்று வைக்கவேண்டும் என்பதும் நடைமுறைக்கு வந்தது. இவ்விரண்டு விதிகளையும் கொண்டுவரச் சட்டம் தேவைப்பட்டது என்பதே நம் காலத்தைப் பற்றிய ஒரு திறனாய்வுதான். நம் இல்லத் தாய்மாரின் ஓய்வு நாளை எந்தச் சட்டம் வகுக்கும்?

ஆசிரியர்க்கு ஒரு வேண்டுகோள்

இயந்திரம் வாங்குங்கள் என்றோ வாங்காதீர்கள் என்றோ கூற நான் முன்வரவில்லை. பணமும் இடமும் குடும்பத்தின் அளவும் அதனை முடிவு செய்யட்டும். இரு தரப்பு வாதங்களையும் எடைபோட்டபின் எனக்குப் புலப்பட்டது ஒன்றே. கழுவும் கைக்குரியவரே கழுவும் முறையைத் தேர்ந்துகொள்ளும் உரிமை உடையவர். தொட்டியருகில் நில்லாதவர் கையின் பெருமையைப் பாடுவதும், அதே தொட்டியின் மேல் இயந்திரத்தை வைத்துவிட்டுக் கடமை முடிந்தது என எண்ணுவதும் ஒரே குற்றத்தின் இரு வடிவங்கள்.

ஆண்டுதோறும் நாம் “என் தாய்” என்னும் தலைப்பில் கட்டுரை எழுதச் சொல்கின்றோம். தாய் சமைக்கிறார், துவைக்கிறார், பாத்திரம் கழுவுகிறார், அதனால் அவர் தெய்வம் என்று மாணவர் எழுதுகின்றனர். நாம் மதிப்பெண் வழங்குகின்றோம். வேலைகளை அடுக்கிக் காட்டி வணங்கிவிட்டால் அவற்றில் பங்கேற்க வேண்டியதில்லை என்னும் பாடத்தையும் நாம் அறியாமலே சேர்த்துக் கற்பிக்கின்றோம். வணங்குவது நன்று. ஆனால் வணங்கிய கை மறுபடியும் மடியிலேயே கிடக்குமாயின், அவ்வணக்கத்தால் தாய் பெற்ற பயன் யாது?

சொற்போர் முடிந்த அன்று நான் எவருக்கும் வெற்றி வழங்கவில்லை. மறுநாள் அனைவரும் “நேற்றிரவு என் தட்டைக் கழுவியவர்” என்னும் தலைப்பில் ஒரு பத்தி எழுதி வரவேண்டும் என்றேன். தாயின் கைபட்ட தட்டைப் பற்றி முழங்கிய அச்சிறுவன் நான்கே வரிகள் எழுதியிருந்தான். அவன் தட்டைக் கழுவியவர் அவனுடைய பாட்டி. அது அவனுக்கு அதுவரை தெரியாது. வீட்டில் கேட்டுத் தெரிந்துகொண்டான். பாட்டிக்குக் கையில் மூட்டுவலி இருப்பதையும் அன்றுதான் அறிந்தான். எழுத்துப்பிழை மூன்று இருந்தது. என் பரிசுக் கட்டுரையை விட அது உயர்ந்தது என்று எனக்குப் பட்டது. அதில் எழுவாய் தோன்றியிருந்தது. வலியும் ஒரு வரியாக இடம்பெற்றிருந்தது.

எம் பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் இப்போது மாணவர் ஒவ்வொருவரும் தாம் உண்ட தட்டைத் தாமே கழுவி வைக்கின்றனர். இரண்டு தொட்டிகளே வைத்துள்ளோம், குழாயைத் திறந்துவிடுவதில்லை. ஆசிரியர்களும் வரிசையில் நிற்கின்றனர். தலைமையாசிரியன் தட்டில் சில வேளை பருக்கை ஒட்டியிருப்பதாகப் பிள்ளைகள் தம்முள் பேசிக்கொள்வதாகக் கேள்விப்படுகின்றேன். மீண்டும் வரிசைக்குச் சென்று அதனைக் கழுவி வைக்கின்றேன்.